கோபம் என்று சொன்னோம்

விஜயரத்தினம் அண்ணைக்குப் பொய் சொல்ல வராது. 1985இல் ஜெர்மனியில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தால் இறங்கினோம். எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்ததை நான் அதிகாரிகளிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் வியர்த்து விறுவிறுத்து, கேட்காத கேள்விக்கெல்லாம் உண்மை சொல்லிக்கொண்டு நின்றார். அப்படிப்பட்ட மனிதரைத் தன் ஒரே மகளுக்குப் பொய் சொல்ல வைத்தவன் நான். கிருபன் என்று பெயர், வயது அறுபது, மூளை இன்னும் வளரவில்லை.

ஹம் நகரத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றோம். ஒரே கட்டடத்தில்தான் குடியிருப்பும். அவர் முதலாம் மாடி, நான் இரண்டாம் மாடி. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி அவருக்கு மெதுவாகக் கதைக்கவே தெரியாமல் போய்விட்டது. வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும். கீழ் வீட்டு ஜெர்மன்காரி ஒருநாள் பொலிசைக் கூப்பிடட்டோ என்று என்னிடம் கேட்டாள். அவர் சண்டை பிடிக்கவில்லை, மகளோடு பகிடி விடுகிறார் என்று நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

மகள் கம்சனா. பதினாலு வயதில் தகப்பனை விட ஒரு சாண் உயரம். அந்த உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்குப் பிடித்துக்கொண்டுபோனார்கள். செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்கு ஏற்றி இறக்குவது அண்ணைதான். ஆனால் ஒரு ஆட்டத்தையும் உள்ளே போய்ப் பார்க்கமாட்டார். காருக்குள் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். "பாஸ்கெற்போல் பின்னேரத்துக்கு, படிப்பு வாழ்க்கைக்கு" என்பார்.

அவளும் நன்றாகத்தான் படித்தாள். போஹும் நகரப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல். அங்கேயே ஒரு கழகத்துக்கு இரண்டாம் பிரிவில் ஆட்டம். இன்னும் மூன்று செமெஸ்ரர் இருந்தபோது, தெற்கே ரயிலில் ஆறு மணித்தியாலத் தூரத்திலிருந்து ஒரு முதலாம் பிரிவுக் கழகம் ஒப்பந்தம் அனுப்பியது. முழுநேர ஆட்டக்காரி. படிப்பை விட்டுவிட்டு வரவேண்டும்.

அந்தச் சண்டை நடந்த சனிக்கிழமை நான் அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மூண்டே மூண்டு செமெஸ்ரர். முடிச்சுப்போட்டு எங்கயாவது போய்த் துள்ளு!"

"இருபத்திரண்டு வயசில கேக்கிறவங்கள் இருபத்தஞ்சில கேக்கமாட்டாங்கள் அப்பா. படிப்பு எங்கயும் ஓடிப்போகாது."

"கால் முறிஞ்சா?"

"கட்டடம் கட்டுற இடத்தில விழுந்தும் கால் முறியலாம்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணை என்னை முறைத்தார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னார். "நான் முப்பது வருசமாக் கம்பி இழுத்தது நீ பந்து எறியவோ?"

"நீங்கள் என்ன, விருப்பப்பட்டோ கம்பி இழுத்தனீங்கள்? நான் விருப்பமானதைச் செய்யிறன், விடுங்கோவன்."

அவள் ஓகஸ்ட் மாதம் போய்விட்டாள். ஸ்ரேசனுக்கு அண்ணையின் மனைவி இராஜேஸ்வரி அக்காவும் நானும்தான் போனோம். அண்ணை லீவு நாளில் வேலைக்குப் போய்விட்டார். ஆகவே கோபம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மாதக் கோபம். செப்டெம்பரில் "அவளுக்கு அங்க சோறு கிடைக்குதோ தெரியாது" என்று புறுபுறுக்கத் தொடங்கிவிட்டார். இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் தானே போன் எடுத்திருப்பார்.

அந்த இரண்டு கிழமைக்குள் அவருடைய குரல் கரகரத்தது. கத்தியதால் என்று நினைத்தோம். காது மூக்குத் தொண்டை டொக்டரைச் சந்திக்க டெர்மின், அதாவது நாள் கிடைக்க ஐந்து கிழமை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய், குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும் என்றார்கள். ஜெர்மன் டொக்டர் சொன்னதைத் தமிழில் அவருக்குச் சொன்னதும் நான்தான்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதினை எழுதுகிற பிள்ளைக்கும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் கெட்ட செய்தி சொல்லமாட்டோம். என்னுடைய தகப்பன் செத்ததே எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரியும். "பொடியன்ர அகதி விசாரணை முடியட்டும்" என்று ஊரில் முடிவு எடுத்திருந்தார்களாம். அந்த நாற்பது நாளும் நான் இங்கே பகிடி விட்டுக்கொண்டு, படம் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். அப்படி எரிந்த வயிற்றுக்காரன் என்ன செய்திருக்கவேண்டும்?

இராஜேஸ்வரி அக்கா போனைக் கையில் எடுத்துவிட்டார். "பிள்ளைக்குச் சொல்லுவம், கிருபன். அவளுக்குத் தெரியவேணும்."

"வேண்டாம்" என்றார் அண்ணை, அப்போதே காற்றாகப் போயிருந்த குரலில். "சொன்னா நாளைக்கே ஓடி வந்திடுவாள். படிப்பையும் விட்டுட்டாள், இப்ப இதுவும் போச்செண்டா அவளுக்கு என்ன மிச்சம்? ஏப்ரலில ஆட்டமெல்லாம் முடியும். அப்ப சொல்லுவம்."

"அதுவரைக்கும் நீங்கள் கதைக்காட்டி அவள் என்ன நினைப்பாள்?" அக்கா அழுதார்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கோவத்தில கதைக்கிறாரில்லை எண்டு சொல்லுவம். அது உள்ளதுதானே, அவள் நம்புவாள்" என்றேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குத் தானாக வராத பொய்யை நான் செய்து கையில் கொடுத்தேன்.

நவம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது. கழுத்தில் ஒரு துவாரம், அதனால்தான் மூச்சு. இனிக் குரல் இல்லை. பிள்ளையின் காதில் போடவேண்டாம் என்று கோயிலில், கடையில், எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். எங்கள் சனம் வேறு எந்த இரகசியத்தையும் ஒரு பின்னேரம் தாங்காது. இதை மட்டும் மூன்று மாதம் பூட்டி வைத்தது.

கம்சனா போன் எடுக்கும்போதெல்லாம் அக்கா, "அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்கிறார், நீ இப்ப வராதை" என்பார். அவளும் தகப்பனின் மகள்தானே. வரவில்லை.

அண்ணையோ மகளின் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அந்தக் கழகம் ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டும். ஞாயிறு பின்னேரம் நானும் போய்ப் பக்கத்தில் குந்துவேன். எட்டு வருடம் காருக்குள் இருந்து சம்பல் சாப்பிட்ட மனிதர், அறுபத்திரண்டாவது வயதில் ஆட்ட விதிகளைப் பாடமாக்கினார். அவள் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தால் மேசையில் ஓங்கி அடிப்பார். கத்துவதற்குப் பதிலாக ஒரு கொப்பி வைத்திருந்தார். அவளை மாற்றி வெளியே இருத்தினால் போதும், எழுதி என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார்: "இவன் ஒரு கோச்சோ? மாட்டுக்கு வைக்கோல் போடவும் தெரியாது." நான் சிரித்தால் அவரும் குலுங்குவார், சத்தமே இல்லாமல்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு அவள் இருபத்துநாலு புள்ளி எடுத்தாள். ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"அம்மா, அப்பாட்டைக் குடுங்கோ. பக்கத்தில இருக்கிறார், எனக்குத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார். மூச்சு இரைகிற சத்தம் கேட்டுவிடும் என்று கழுத்துத் துவாரத்தை மற்றக் கையால் துணியோடு பொத்திக்கொண்டார்.

"அப்பா, இருபத்திநாலு புள்ளி. முழு ஹோலும் எழும்பி நிண்டு கைதட்டினது. ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்." இடையில் இருமினாள். "சரி, ஏசுங்கோ. ஒரு ஏச்செண்டாலும் ஏசுங்கோவன்!"

அண்ணையின் வாய் திறந்து திறந்து மூடியது.

"நாலு மாசம் அப்பா! அப்பிடி என்ன செய்தனான்? ஆரையும் கொலை செய்தனானோ? சரி, கதைக்காதேங்கோ. எனக்கு அப்பா செத்துப்போனார் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்."

வைத்துவிட்டாள். அக்கா சுவரோடு சரிந்துபோய் இருந்து அழுதார். நான் இப்போதே எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று எழும்பினேன். அண்ணை என் கையைப் பிடித்து இருத்திவிட்டுக் கொப்பியை எடுத்தார். "அவளுக்கு இருமல். மல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு" என்று எழுதியிருந்தார்.

தைமாதம் குரல் பயிற்சிக்குப் போனார். கழுத்தில் வைத்து அழுத்தினால் இரைந்து பேசுகிற சின்னக் கருவி ஒன்று கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த ஜெர்மன் பெண் எண்களையும் கிழமை நாட்களையும் சொல்லச் சொன்னாள். வீட்டுக்கு வந்து இவர் தமிழில் பழகினார். "விளை-யாடு பிள்ளை. அப்-பாவுக்குச் சந்-தோசம்." நாளுக்கு நூறு தரம். "அண்ணை, தேனீ கதைக்கிற மாதிரி இருக்கு" என்று நான் பகிடி பண்ணினேன். ஏப்ரலில் தானே அவள் வீட்டுக்கு ரயில் ஏறிப் போய், கதவைத் தட்டி, நேரே சொல்வேன் என்று எழுதிக் காட்டினார். அதுவரை வாயைத் திறக்கவேண்டாம் என்று எங்களிடம் சத்தியமும் வாங்கினார்.

மாசி பதினோராம் திகதி காலமை, சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நுரையீரலில் இரத்தம் கட்டியிருந்ததாம். அம்புலன்ஸ் வர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

கம்சனாவுக்குப் போனில் "திடீரெண்டு போயிட்டார் பிள்ளை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. வந்தாள். அழவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, இறுதிச்சடங்கு மண்டபத்தில் தகப்பனின் தலைமாட்டில் நின்றாள். மேற்சட்டைக் கொலர் ஒருபக்கம் மடிந்திருந்தது. அதை நேராக்கக் கையை வைத்தவள் கழுத்துத் துவாரத்தைக் கண்டாள்.

"மாமா, இது என்ன?"

அங்கேயே, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய யோசனை என்பதையும் சொன்னேன். முடிந்தபிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கு நான் போனில சொன்னது, அப்பா கேட்டவரோ?"

இல்லை, அவர் அந்த நேரம் குளியலறையில் இருந்தவர் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை பொய்தான் சொல்வது? "ஓம் பிள்ளை, கேட்டவர்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்த அழுகையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

மிச்ச ஆட்டங்களை எப்படியோ ஆடி முடித்தாள். மே மாதம் கழகம் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. அவள் கையெழுத்து வைக்கவில்லை. நான் ரயில் ஏறிப் போனேன், கொப்பியையும் கொண்டு போனேன். அப்பா விளையாடச் சொல்லத்தான் இருந்தவர், இந்தா பார், அவருடைய கையெழுத்து என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். பிறகு கொப்பியை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பந்தையும் அவரைப் 'பார், பார்' எண்டு கோவத்திலதான் எறிஞ்சனான் மாமா. வருத்தக்கார, குரல் போன மனிசனுக்கு எறிஞ்சிருக்கிறன். இனிப் பந்தைத் தொட ஏலாது. கையில எடுத்தா எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது."

இப்போது பழையபடி போஹும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். விட்ட பாடங்களில் முதல் செமெஸ்ரரை நல்ல புள்ளியோடு முடித்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன இருந்தாலும் பிள்ளை தேப்பன்ர ஆசையை நிறைவேற்றிப்போட்டுது, கிருபண்ணை. அந்த மனிசன்ர ஆத்மா இப்ப சாந்தியடைஞ்சிருக்கும், என்ன?" என்று கேட்டார்கள்.

இராஜேஸ்வரி அக்கா பக்கத்தில் நின்றார். நான், "ஓம்" என்றேன்.