கருவாட்டுப் பாட்டின் மூன்றாவது சரணம்

எங்கப்பாவுக்கு ஒரு கெட்ட குணம். எவன் பாடினாலும் முழுசாகப் பாட விடமாட்டார். அரியலூரில் இன்னிசைக் குழு நடத்தியவர். மேடைக்குப் பக்கத்தில் சவுண்ட் மிக்சரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு சரணம் முடிந்ததோ இல்லையோ, பாடுகிறவரின் சத்தத்தை இறக்கிவிட்டு, "நன்றி, நன்றி, அடுத்ததாக..." என்று தன் மைக்கில் ஆரம்பித்துவிடுவார். பெற்ற மகள், என்னையே இருபது வருஷமாக அப்படித்தான் அறுத்தார். கேட்டால், "ஜனம் பிரியாணிக்கு வந்திருக்கு பாப்பா, ஒன் சங்கதியக் கேக்கவா வந்திருக்கு?" என்பார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் நான் பாப்பா.

இந்த மனுஷனிடம்தான் அந்த மலாவிக்காரன் வந்து மாட்டினான்.

பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பார்மசி படிக்க வந்தவன். சொந்த ஊரில் ஏரிக்கரை பார்களில் ரெகே பாட்டு பாடிக்கொண்டிருந்தானாம். அவனே எழுதிய ஒரு பாட்டு அங்கே ரேடியோவில் கூட வந்ததாம். பயல் கெட்டுப்போகிறான் என்று அவன் அப்பா பிடித்து, மருந்துக்கடை வைத்தால்தான் சோறு என்று விமானம் ஏற்றிவிட்டார். அப்பன்கள் எந்தக் கண்டத்திலும் ஒரே ரகம்தான். கல்லூரி விழாவுக்கு நாங்கள் வாசிக்கப் போனபோது அவனாகவே வந்து வாய்ப்புக் கேட்டான். அப்பா அவனைப் பாடச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. முதுகு வரை தொங்கிய சடைமுடியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் பேனர் வந்துவிட்டது: 'ஆப்பிரிக்க அதிரடிப் புயல்'.

புயலுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? சினிமாப் பாட்டுக்கு நடுவில் "ஏ... ஏய்" என்று கத்துவது. இலை தழை கட்டிக்கொண்டு ஆடச் சொன்னார் அப்பா. அவன், "நீங்க கோமணம் கட்டிக்கிட்டு வந்தா நானும் கட்டுறேன்" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு போச்சு. கூட்டத்தில் எவனாவது அவன் நிறத்தைப் பற்றி இளிப்பான். சொன்னவனைத் திரும்பிப் பார்த்தால் அடுப்புக்கரி தோற்றுவிடும். எனக்கு அப்படி எரிச்சலாக வரும். இரண்டு தடவை மைக்கிலேயே கேட்டுவிட்டேன், "உங்க வூட்ல கண்ணாடி இல்லையா?" என்று.

அந்த முடிதான் பெரிய ரோதனை. எங்கே போனாலும் ஜனங்கள் அதை நேர்த்திக்கடன் முடி என்றே முடிவு கட்டினார்கள். நம்மூரில் ஆம்பளை அவ்வளவு முடி வளர்த்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? திருமானூர் பஸ்ஸில் ஒரு அம்மா அவன் சடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டீங்க தம்பி?" என்றது. ஏலாக்குறிச்சிப் பக்கம் போனால் எங்கள் ஊர் மாதாவுக்கா, வேளாங்கண்ணிக்கா என்று கேட்பார்கள். ரெகே பாடுகிறவர்கள் வளர்ப்பார்கள், இது எங்கள் கொடி மாதிரி என்று ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தான். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கடைசியில் எங்கள் தமிழிலேயே பதில் கற்றுக்கொண்டான்.

"ஒரு வேண்டுதல் இருக்குங்க. இன்னும் நெறவேறல."

"என்ன வேண்டுதல்?"

"எம் பாட்டு ஒன்ன மேடையில முழுசாப் பாடணும்."

"அட, இதுக்கா இம்மாம் முடி!" என்பார்கள்.

கேலி போலச் சொல்வான். ஆனால் அது அவனுக்கு விளையாட்டில்லை. ஊருக்குப் போனதும் மருந்துக்கடையில் உட்கார வேண்டியதுதான். அதற்குள் ஒரு தடவையாவது தன் பாட்டைத் தலை முதல் கால் வரை பாடிவிடணும் என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஒத்திகையில் கூட அப்பா இரண்டு சரணத்துக்கு மேல் விட்டதில்லை. முதல் நாள் அவன் ஊர் பாஷையில் பல்லவியைக் கேட்டுவிட்டு, "என்னடா அர்த்தம்?" என்றார்.

"அம்மா ஏரிக்கரையில கருவாடு காயப் போட்டுட்டு, மழை வருமான்னு மேல பாத்துக்கிட்டு நிக்கிறாங்க ஐயா."

"கருவாட்டுக்கு ஒரு பாட்டாடா? கட்டையில போறவனே!"

அப்பாவுக்கு அது திட்டே இல்லை. வாயைத் திறந்தால் அதுதான் வரும். ட்ரம்ஸ் அண்ணனை ஒரு கச்சேரிக்குள் நூறு தடவை கட்டைக்கு அனுப்புவார். அந்த ட்ரம்ஸ் அண்ணனுக்கும் ரெகே ஆகவில்லை. "முதல் அடிய விட்ருங்கண்ணா, அங்க சும்மா இருங்க" என்று இவன் கெஞ்சுவான். "சும்மா இருக்கறதுக்கு நான் எதுக்குத் தம்பி மேடையேறணும்?" என்று அவர் அந்த முதல் அடியிலேயே போட்டு உடைப்பார்.

குரும்பலூரில் ஒரு காதுகுத்து. அங்கே எப்படியோ அப்பாவைக் கெஞ்சி, தன் பாட்டில் இரண்டாவது சரணம் வரைக்கும் வந்துவிட்டான். தெருமுனையில் தாய்மாமன் சீர் வந்துவிட்டது. சீர் வந்தால் எந்தப் பாட்டும் நிற்க வேண்டியதுதான், அது நம்ம வழக்கம். அப்பா சத்தத்தை இறக்கி, "இதோ, தங்கத் தாம்பாளத்தோடு தாய்மாமன்..." என்று ஆரம்பித்தார். தாம்பாளம் எவர்சில்வர். விக்கிரமங்கலத்தில் வேறொரு காதுகுத்து, வேறொரு மாமன். அங்கேயும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் வேனில் ஏறும்போது அப்பா அவன் தோளில் தட்டி, "அடுத்த மேடையில ஒன் வேண்டுதல நெறவேத்திடுவோம்டா" என்பார். பொய் சொல்கிறார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் படிப்பு முடிந்து டிக்கெட்டும் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கச்சேரி.

அந்தக் கச்சேரிக்கு முந்தின நாள் காலையில், மிக்சருக்கு ஒயர் பற்ற வைத்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே அதன்மேல் தலையைச் சாய்த்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வாசலில் சாமியானா போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தோம். சித்தப்பா இழவு வீட்டுப் பாட்டை ரெக்கார்டில் போடச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஊருக்கெல்லாம் ஆள் வச்சுப் பாட வச்ச மனுஷனுக்கு ரெக்கார்டா?" என்று கத்திவிட்டேன். நேரே போய் அப்பாவின் நாற்காலியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்தேன். மூலையில் கண் வீங்கி நின்றவனைக் கூப்பிட்டேன். "ஒம் பாட்டப் பாடு" என்றேன்.

"எழவு வூட்ல என்ன பாட்டும்மா இது, இங்கிலீஷா?" என்றார் சித்தப்பா.

"இல்ல. கருவாட்டுப் பாட்டு."

அவன் பாட ஆரம்பித்தான். ட்ரம்ஸ் அண்ணன் அன்றைக்குத்தான் முதல் அடியைச் சரியாக விட்டார். அழுதுகொண்டிருந்ததில் கை எழவில்லை என்று பிறகு சொன்னார். ஒப்பாரி வைத்த பொம்பளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டாவது சரணம் ஓடும்போது தெருமுனையில் பறைச் சத்தம் வந்தது. அப்பாவின் மச்சான் வகையறா கோடித்துணி கொண்டு வருகிறார்கள். சித்தப்பா என்னைப் பார்த்துச் சத்தத்தை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. அவன் நிறுத்திவிட்டான். யாரும் சொல்லவில்லை, பழக்கம். 'நன்றி, நன்றி' வரும் என்று மிக்சரைத் திரும்பிப் பார்த்தான். அந்த இடத்தில் நான் இருந்தேன். பட்டனை மேலே தள்ளினேன்.

"பாடு" என்றேன்.

"கோடி வந்து நிக்குதும்மா!" என்றார் சித்தப்பா.

"நிக்கட்டும்."

என் தாய்மாமன் கோடித்துணியோடு தெருமுனையில் நின்றார். இன்று வரைக்கும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மூன்றாவது சரணத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடி முடித்தான். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ன உருக்கம், என்ன உருக்கம்" என்று மாய்ந்து போனது.

கொள்ளி வைக்கச் சித்தப்பா மகன் மொட்டை போட உட்கார்ந்திருந்தான். அவனை முடித்த சலூன் அண்ணன், கத்தியைத் துடைத்துக்கொண்டு நேரே நம்ம ஆளிடம் போனார். "தம்பி, அதான் வேண்டுதல் நெறவேறிடுச்சே. உக்காருங்க, அப்படியே எறக்கிடுவோம்." அவன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

சுடுகாட்டுக்குப் போன ஆம்பளைகள் திரும்பி வந்து குளித்த பிறகு, அவனிடம் கேட்டேன், "மூணாவது சரணத்துக்கு என்னடா அர்த்தம்?"

தயங்கினான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மழை வந்து கருவாடெல்லாம் நனைஞ்சிடுது. அம்மா மழையத் திட்டுறாங்க. சரணம் பூரா திட்டுதான்."

"என்னன்னு திட்டுறாங்க?"

"ஐயா சொல்வாருல்ல, கட்டையில போறவனேன்னு. கிட்டத்தட்ட அதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இழவு வீட்டில் மகள்காரி இப்படிச் சிரிக்கிறாளே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடக்க முடியவில்லை, சிரித்துச் சிரித்து அதுவே அழுகையாகிவிட்டது. அந்த மனுஷனுக்கு இது மட்டும் தெரிந்திருந்தால் எல்லா மேடையிலும் மூன்றாவது சரணத்தை மட்டுமே பாடச் சொல்லியிருப்பார்.

"பாவிப் பயலே, இத முன்னாடியே அவர்ட்ட சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?" என்றேன்.

"எங்க விட்டாருக்கா?" என்றான்.