இருபத்து மூன்றாவது பாகம்

போன சனிக்கிழமை காலை குகன் போன் பண்ணினார். கிளென் ஈடனில் எங்களுக்கு அடுத்த தெரு. பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"அண்ணை, அந்தக் கடைசிப் பாகம் வந்திட்டுதாம். நியூ லின் கடையில எடுத்து வைச்சிருக்கினம். தனியப் போக ஏலாமக் கிடக்கு. வாறீங்களோ?"

போகாமல் இருப்பேனா?

அந்தப் புத்தகம் குகன் கேட்டதல்ல — அவர் மனைவி சுமதி கேட்டது. ஜப்பானிய மாங்கா. வலமிருந்து இடமாகப் படிக்கிற படக்கதை. தீவுகளுக்குப் படகில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை. இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆங்கிலம் தடுமாறிய நாளில், லைப்ரரியில் முதல் பாகத்தைத் தற்செயலாக எடுத்தார் சுமதி. படம் கைகொடுத்தது. பிறகு பதினைந்து வருடம் விடவே இல்லை.

அது உருவான கதையையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் ஒரு வார இதழில் தொடராக வந்ததாம். வாரம் பத்தொன்பது பக்கம். வரைகிறவர் மேசைக்குக் கீழேயே படுத்து எழும்புவாராம். வாரம் ஒரு பத்தி எழுதவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது... அந்த மனிதருக்கு மணிக்கட்டே போய்விட்டது. வாரத் தொடர் மாதத் தொடரானது. பிறகு ஒருநாள், 'ஆசிரியருக்கு உடல்நலமில்லை' என்று ஒரே ஒரு வரி. தொடர் நின்றது.

அதே வருடம்தான் சுமதிக்கும் புற்றுநோய் என்றார்கள்.

"அவரும் ஆஸ்பத்திரியில, நானும் ஆஸ்பத்திரியில. ஆர் முந்துறது எண்டு பாப்பம்" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குகன் எழுந்து வெளியே போய்விட்டார்.

முந்தியவர் ஜப்பான்காரர். மிச்சத்தை உதவியாளர்கள் முடிப்பார்கள் என்று பதிப்பகம் அறிவித்தது. ஜப்பானிய மொழியில் கடைசிப் பாகம் வெளியானது. ஆங்கிலத்தில் வரத் தாமதம். முடிவை நெட்டில் தேடிச் சொல்லவா என்று குகன் கேட்டாராம். வேண்டாம், புத்தகமாகவே வரட்டும் என்றிருக்கிறார் சுமதி.

புத்தகம் வர நான்கு மாதம் இருக்கையில் அவர் போய்விட்டார்.

"கடைசிக் கிழமையும் அதைத்தான் கேட்டவ, அண்ணை. அவ வேண்டாம் எண்டாலும் நான் தேடிச் சொல்லியிருக்க வேணும்" என்றார் குகன், போகிற வழியில்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து உட்கார்ந்தோம். முதலில் தவறான பக்கத்திலிருந்து திறந்தார். பிறகு திருப்பினார். பாதிவரை அழகான மைக்கோடுகள். அதற்குப் பிறகு வெறும் பென்சில். கடைசியில் அதுவும் இல்லை — கட்டங்கள் மட்டும். ஒரு கட்டத்துக்குள் 'இங்கே மழை' என்று ஒரு குறிப்பு.

முடிவில் உதவியாளர்களின் கடிதம். 'நாங்களாக ஒரு முடிவை வரைந்து பார்த்தோம். அது அவருடையதாக இல்லை. அவர் விட்டுப்போனதை அப்படியே தருகிறோம்.'

குகன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப... முடிவு எண்டு ஒண்டு இல்லையோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி."

"நான் தேடியிருந்தாலும்?"

"கிடைச்சிருக்காது."

செத்தவீட்டில்கூட அழாத மனிதர். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்தபடி, "பாவம், அவையும் என்ன செய்யிறது" என்றார், அந்த உதவியாளர்களை நினைத்து.

'முற்றும்' போட்டுவிட்டுப் போகக் கொடுத்துவைத்தவர்கள் ரொம்பக் குறைவு.