கரண்டியால் போடும் சுவிட்ச்

போன வருஷம் அந்த எலக்ட்ரீஷியன் காலமானபோது எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். அவர் மகளுக்கோ, அவர் பொறுமை இழந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவர் முதன்முறை வந்த நாள் அது.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா குத்துவதுபோல அவர் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைக் குத்தியிருப்பார். அம்மா எடுத்து ஒளித்துவைத்தாலும் வாசலைத் தாண்டுவதற்குள் அது திரும்ப ஏறிவிடும்.

புகுந்த வீட்டின் சமையலறையில் மிக்ஸி சுவிட்சை யாரும் கையால் போடுவதில்லை. மரக்கரண்டியின் காம்பால் தட்டுவார்கள். பிளேட்டின் ஸ்க்ரூவில் விரல் பட்டால் சுருக்கென்று இழுக்கும். அது கொஞ்சம் கோபக்கார சுவிட்ச் என்று மாமியார் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டு ஒயரிங் முழுக்க மாமனார் தன் கையால் செய்தது. அதில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வந்து நாற்பது நாள்கூட ஆகாத மருமகளுக்கு எங்கிருந்து வரும்?

அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது அவள் கையில் கரண்டி இருந்தது. ஒரு தட்டு, அவ்வளவுதான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இங்கே இனி இருக்கப்போவது அவள்தானே? வேண்டாம்ப்பா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அந்தக் கண்ணைப் பார்த்தார். ஈரம் சொட்டிய கையையும் பார்த்தார். டெஸ்டரை ஸ்க்ரூவில் வைத்தார். அதன் விளக்கு எரிந்தது.

நேரே கூடத்துக்குப் போய், சுவிட்ச் பெட்டிக்கு எர்த் இல்லை, பிரிக்க வேண்டும் என்றார். மாமனாரின் முகம் கறுத்தது. பதினாலு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வந்த இடத்தில் வேலை காட்டுகிறாரே என்று முணுமுணுத்தார்.

"கோபப்படுங்க சம்பந்தி, தப்பில்ல. ஆனா மெயினை நிறுத்திட்டுக் கோபப்படுங்க."

மாமியார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார் போய் மெயினை நிறுத்தினார். கோபத்தை நிறுத்தவில்லை.

பிளேட்டைக் கழற்றிய அப்பா டார்ச்சைச் சம்பந்தியிடம் கொடுத்து அவரையே பார்க்கவிட்டார். சுவருக்குள் ஸ்க்ரூ இறங்கியிருந்த இரும்புப் பெட்டியின் விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்திருந்தது. எர்த்துக்கான பச்சை ஒயர் சாக்கெட்டோடு நின்றுவிட்டது, பெட்டிக்குப் போகவே இல்லை. அப்பா கிழிந்ததை வெட்டிச் சரிசெய்தார். ஸ்கூட்டரில் எப்போதும் கிடக்கும் பச்சை ஒயரில் ஒரு சாண் எடுத்து, சாக்கெட்டின் எர்த்திலிருந்து பெட்டிக்கு இழுத்து முறுக்கினார்.

"இது மட்டும் இருந்திருந்தா, தோல் கிழிஞ்ச அன்னிக்கே ஃப்யூஸ் போயிருக்கும். நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க." அந்த 'நீங்களே'யில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

மின்சாரம் வந்தது. டெஸ்டர் எரியவில்லை. அப்பா முதலில் புறங்கையை ஸ்க்ரூவில் வைத்தார், பிறகு உள்ளங்கையை. கொஞ்சம் பொறுத்து மாமனாரும் தன் கையை வைத்தார்.

"கூடத்துல இருக்கறதும் இப்படித்தான் இருக்குமோ?" சுவரைப் பார்த்தே கேட்டார்.

"இருக்கும்."

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாமா?"

அதற்குள் அப்பா மெயினை நிறுத்திவிட்டார், மின்விசிறி நின்றது. மாமனார் டார்ச்சை எடுத்துக்கொண்டு சம்பந்தியின் பின்னால் நடந்தார். மகள் சாப்பாட்டை மூடிவைத்தாள்.