எஸ்தருக்கு வாங்கிய வெள்ளி நிறக் கணினி

என் மகள் எஸ்தரின் படிப்புக்கு உதவாது என்று தெரிந்தேதான் அந்த மடிக்கணினியை வாங்கினேன். பிறகு பழியையும் அவள்மேலேயே போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கர்வக்காரி. கிள்ளானில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பெண் என் மகள். நான் கர்வப்படாமல் வேறு யார் படுவது?

அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தவை எல்லாம் பழையவை. என் கணவரின் அக்கா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் பிள்ளைகள் போட்டுக் கழித்த சீருடை, படித்து முடித்த புத்தகம், கடைசியாக ஒரு கணினி... எல்லாம் எங்களிடம் வரும். "இன்னும் நல்லாத்தான் ஓடுது, மேரி. வச்சுக்கோ," என்பார். நல்ல மனதோடுதான் தருவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அந்தக் கணினியைத் தட்டிவிட்டுப் போய் ஒரு ரசமே வைத்துவிட்டு வரலாம், அப்போதுதான் திரை விழிக்கும். எஸ்தர் அதை வைத்துக்கொண்டுதான் படித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினாள்.

நான் கடைக்குப் போன அன்று அவளுக்குப் பகுதிநேர வேலை. நான் கிளம்பும்போது சட்டையைத் தேய்த்துக்கொண்டே தெளிவாகச் சொன்னாள்.

"மா, அழகு முக்கியமில்ல. கறுப்பா குண்டா இருந்தாலும் பரவால. மெக்கானிக்கல் டிராயிங் சாஃப்ட்வேர் ஓடணும். அத மட்டும் கேளுங்க."

கோலாலம்பூர்க் கடையில் கேட்கவும் செய்தேன். விற்பனைக்கு நின்ற தமிழ் இளைஞர் பொறுமையாகவே விளக்கினார்.

"ஆன்டி, டிராயிங் பண்ணணும்னா இந்தக் கறுப்பு எடுங்க. கொஞ்சம் வெயிட்தான், ஆனா தாங்கும். அந்த சில்வர் பார்க்க அழகா இருக்கும், உங்க மகளுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் அதுல ஓடாது லா."

கறுப்பைப் பார்த்தேன். லோரி பேட்டரி மாதிரி இருந்தது. பக்கத்தில் வெள்ளி நிறத்தில் இன்னொன்று, மெலிதாக, மினுமினுவென்று... விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்தருக்கு இடம் கிடைத்ததற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நன்றி ஜெபம். அண்ணி வருவார். இந்தக் கறுப்பும் யாரோ கொடுத்த பழசு என்று அவர் நினைத்துவிட்டால்? அந்த ஒரு நினைப்பு போதுமாக இருந்தது எனக்கு.

"சில்வரே குடுங்க, தம்பி," என்றேன்.

ஜெபத்தன்று அதை மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். அண்ணி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனமே இல்லியே, மேரி. எங்க வீட்டுலகூட இப்படி ஒண்ணு இல்ல," என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் என் தலை நிமிர்கிறது. வெட்கமாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது... நிமிரவும் செய்கிறது. நான் என்ன செய்ய?

வகுப்பு தொடங்கிய வாரமே எஸ்தர் என்முன் வந்து நின்றாள். மென்பொருள் அதில் ஏறவில்லை.

"கடையில என்ன சொன்னாங்க, மா? இது ஓடும்னா சொன்னாங்க?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "நீ படிக்கிறதுக்குன்னு மட்டும்தானே சொன்ன? அததான் நானும் கேட்டேன்," என்றேன். வாயால் சொன்ன பேச்சுக்கு ஏது சாட்சி?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அம்மா பொய் சொல்வாள் என்று மட்டும் அவளுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

"நான்தான் ஒழுங்கா சொல்லல போல. சாரி, மா. ஆசையா வாங்கிட்டு வந்தீங்க."

"பரவால. இனிமே எதையும் தெளிவா சொல்லிப் பழகு," என்றேன். நான் சொன்னேன் இதை... நான்!

பிரித்த பெட்டியைக் கடையில் மாற்றித் தரமாட்டார்கள். படிப்பு முடியும்வரை அவள் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் உட்கார்ந்துதான் வரைந்தாள். மற்றப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி செய்ததை, இவள் சனிக்கிழமையும் ரயில் ஏறிப் போய், கூடம் திறக்கும்வரை வாசலில் நின்று செய்தாள். "அங்க ஏர்கான் இருக்கு, மா. ஜாலிதான்," என்பாள். நான் சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவள் முதல் வகுப்பில் தேறினாள். இப்போது சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவள் வரைந்த பாகம் ஓர் இயந்திரத்துக்குள் சுழல்கிறது. வேலை செய்பவர்களின் வீட்டாரையும் உள்ளே விடும் குடும்ப நாளன்று என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் "என் மகள் செய்தது" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

கஷ்டப்பட்டதால்தானே இவ்வளவு கெட்டிக்காரியானாள் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். எவ்வளவு வசதியான பேச்சு! அவள் முன்னுக்கு வந்தது அவள் திறமையால். அதில் என் பங்கு வெறும் இடைஞ்சல்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வீட்டில் நன்றி ஜெபம். இளையவள் ரூத்துக்கும் பொறியியல் கிடைத்துவிட்டது. எஸ்தர் தன் சம்பளத்தில் தங்கைக்குக் கறுப்பாக, குண்டாக ஒரு கணினி வாங்கி மேசையில் வைத்தாள். அண்ணி அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் எஸ்தர், உனக்கு வாங்குன மாதிரி அழகா ஒண்ணு வாங்கலாம்ல?"

"அது என் தப்பு, அத்தை," என்று சிரித்தாள் எஸ்தர். "நான் அம்மாகிட்ட சரியா சொல்லாம விட்டுட்டேன். அதுல என் வேலை எதுவும் ஓடல. பாவம், அம்மா அவ்ளோ ஆசையா வாங்கிட்டு வந்தாங்க."

ஒரே ஒரு வார்த்தை... நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, அண்ணி. அப்போ அவ சின்னப் பிள்ளைதானே," என்றேன்.

இப்படியாக, என் மகளை இரண்டாவது முறையும் மன்னித்துவிட்டேன்.