செத்தவர் போய்ப் படுக்கலாம்

கடையில் விற்கும் ஆட்ட விதிப்புத்தகம் முந்நூற்று நாற்பது பக்கம். சிஸ்டர் எழுதியது ஏழே வரி.

சிஸ்டருக்கு வயது நாற்பத்தொன்று, எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து பணியாளர் பஸ் வரும்வரை ஓய்வறையில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். எல்லோரும் தூங்கிவிட்டால் பஸ் போய்விடும். அதற்காக ஆரம்பித்ததுதான் இந்த ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி அதற்குள் நடமாடுவார்கள். கதையில் வருவது பேயோ பிசாசோ அல்ல. நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்த ஏதோ ஒன்று. மனிதனை அது வெறுப்பதுகூட இல்லை, கவனிப்பதே இல்லை.

பெரிய புத்தகத்தை வைத்துத்தான் முதலில் ஆடிப் பார்த்தார்கள். துப்பாக்கி அட்டவணையைத் தாண்டுவதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. சிஸ்டர் வெட்ட ஆரம்பித்தார். பகடை ஒன்று போதும். ஆளுக்கு ஆறு படி புத்தி. அந்த ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்க்கும்போதெல்லாம் ஒரு படி இறங்கும், ஆறும் போனால் சாவு. எதிர்த்துச் சண்டை போட்டால் சாவு, பகடையே வேண்டாம். இப்படிப் போய் ஏழாவது விதி: செத்தவர் போய்ப் படுக்கலாம்.

கடைசிவரை பிழைத்திருப்பவர்தான் மற்றவர்களை பஸ்ஸுக்கு எழுப்ப வேண்டும். ஆகவே அந்த அறையில் பிழைப்பதற்குத்தான் எல்லோருக்கும் பயம். லேபில் ரத்தம் எடுப்பவருக்குப் பட்டப்பெயர் கொசு. ஒரு நாள் கதை தொடங்குமுன்பே கொசு கை தூக்கினார்.

"நான் அதோட சண்டை போடறேன்."

"யோவ், அது இன்னும் வரவே இல்லய்யா!"

"வந்தா சொல்லுங்க சிஸ்டர், நான் பெஞ்சுல இருக்கேன்."

ஏழு வரியும் எப்படியோ ஒரு விளையாட்டுக் கடைக்காரர் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கூடத்தில் ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள், ஒரு மேசை தருகிறேன் என்றார். "ஆளுங்க கடைசி வரைக்கும் எழுந்து போகாம உக்காந்திருந்தா, என் செலவுல அச்சடிக்கறேன்."

சிஸ்டரின் அக்கா சிரித்தார். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கட்டுப் போட்டது பத்தாதா? லீவு நாள்ல பயங்காட்ட வேற போறியா?"

"ஒரு தடவை என் பேர் அச்சுல வரட்டுமேக்கா" என்றார் சிஸ்டர். அக்கா தங்கையின் சேலையை இஸ்திரி போட்டு வைத்தார்.

சனி இரவும் பணி இருந்தது. கண் எரிய எரியத்தான் கூடத்துக்குள் நுழைந்தார். சந்தை இரைச்சல். மேசையில் முன்பின் தெரியாத நான்கு பேர். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, தெம்பாக இருந்தார்கள். சிஸ்டர் கதையைத் தொடங்கினார்: கைவிட்ட சுரங்கம், அடியில் ஏதோ மூச்சு விடுகிறது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சிவப்புச் சட்டை இளைஞன் கதைக்குள் ஒரு பெட்ரோல் கேனைத் தூக்கி அதன்மேல் வீசினான்.

"செத்துட்டீங்க. போய்ப் படுக்கலாம்."

"எங்க?"

சிஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சு இல்லை. பக்கத்து மேசைக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

"டிக்கெட் வாங்கிட்டு வந்தது படுக்கறதுக்கா மேடம்?" அவன் பையைத் தோளில் மாட்டினான். அவனோடு வந்த நண்பனும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். தூணோரம் நின்ற கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் சிஸ்டருக்கு உறைத்தது. சாவைப் பரிசாக வைத்துத்தான் விதி எழுதியிருக்கிறார். தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் அது பரிசு. இவர்களுக்கு அது வெறும் வெளியேற்றம். வார்டில் நோயாளி கட்டிலை விட்டு இறங்கினால் எந்தக் குரல் வருமோ, அதே குரல் வந்தது.

"தம்பி, உக்காருங்க. யாரு போகச் சொன்னா? செத்தவங்களுக்கு எல்லாம் தெரியும். இவங்க கேட்டா நீங்க பதில் சொல்லலாம். என்ன தோணுதோ சொல்லுங்க, அதுதான் உண்மை. ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் கேட்டவங்களுக்கு ஒரு படி புத்தி இறங்கும்."

இளைஞன் பையை இறக்கினான். எதிரே இருந்த ஓர் அம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "அதுக்கு நம்மகிட்ட என்னதான் வேணும்?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் வேணாம். நாம இங்க இருக்கறதே அதுக்குத் தெரியாது."

அந்த அம்மாள் ஒரு படி குறைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். பிறகு யாராலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. செத்தவர்கள் இரண்டு, மூன்று என்று ஏறினார்கள். நாற்காலி ஒன்றுகூடக் காலியாகவில்லை.

முடிந்ததும் கடைக்காரர் வந்தார். "போடறேன். ஆனா அந்தப் படுக்கற விதியை எடுத்துட்டு, இப்ப சொன்னதை வைங்க. பழசைப் படிச்சா சிரிப்பாங்க."

"ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்க."

"சிஸ்டர், வாங்கறவங்க யாருன்னு பாக்கணும்ல?"

வாதாடத் தெம்பில்லை. கேட்டிருந்தால் பழைய ஏழாவது விதியோடு புதியதை எட்டாவதாகச் சேர்த்தே கடைக்காரர் போட்டிருப்பாரோ என்னவோ. சிஸ்டர் பேனாவை வாங்கி ஏழாவது வரியை அடித்தார். புதியதை நின்றபடியே எழுதிக் கொடுத்தார். அடியில் தன் பெயரை எழுத்துப்பிழை வராமல் மெதுவாக எழுதினார். திரும்பும் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

தாள் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. சிஸ்டருக்கு முதல் தேதியிலிருந்து பகல் பணி. ஓய்வறை ஆட்டத்தை இனி கொசு நடத்துவார், பழைய ஏழாவது விதியோடு.