ஜாம்பிகளுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

கிரைம் கதையில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையே இல்லை. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுப்பவன் யார், செத்தவன் வீட்டு நாய்க்குச் சோறு வைப்பவன் யார் என்று பாருங்கள். அவன்தான். நான் இரண்டாவது எபிசோடிலேயே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அதில் கோபம் வரும். "நீயே பாத்துக்கோ, எனக்கு வேல கீது" என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். துப்பறிகிற அதிகாரி இருட்டு வீட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போவார். சுவிட்ச் வாசலிலேயே இருக்கும். போட்டால் என்ன, கரண்ட் பில் அவர் கட்டப் போகிறாரா?

ஜாம்பி கதைகளில் நான் இன்னும் கறார். செத்தவர்கள் எழுந்து வந்து கடிப்பதை ஒப்புக்கொள்வேன். ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருப்பவள் காலில் ஹீல்ஸ் இருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கையில் துப்பாக்கி வைத்திருப்பார்கள், உப்பும் தீப்பெட்டியும் இருக்காது. யாராவது ஒருத்தர் பாட்டி போட்டோவை எடுக்கிறேன் என்று திரும்பி ஓடுவார், அவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் சாவார்கள். நம்ம ஊரில் வந்தால் அந்த ஜாம்பிகள்தான் பாவம். சித்தூர் காந்தி ரோட்டில் நிறுத்தி, "எந்த ஊரு, யார் வூட்டுப் புள்ள" என்று கேட்டே சாகடித்துவிடுவார்கள். விடியற்காலையில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கண்டுபிடிக்கவே முடியாது. ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள்.

இதையெல்லாம் நான் பார்ப்பது பஸ்ஸில். வீடு சித்தூரில், வேலை திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில். நாளெல்லாம் பிறத்தியார் கையைக் குத்தி ரத்தம் எடுப்பேன். போக ஒரு எபிசோடு, வர ஒரு எபிசோடு. வரும்போது பார்க்கிறது முக்கியமான இடத்தில் அறுந்து நிற்கும், அதே நினைப்போடு இறங்கி வீட்டுக்குப் போவேன். வந்த வினை அதனால்தான்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம். வாரத்துக்கு ஒரு வீடு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும், யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எழுதிவிட்டால் அவ்வளவுதான். ஆண்டவர் பதில் தரும்வரைக்கும் வாரா வாரம் அந்த வரியைப் படித்து, என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

அன்றைக்கு என் முறை வந்தது. மனசு முழுக்க பஸ்ஸில் பார்த்த எபிசோடு. வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஒரு அம்மாவும் பொண்ணும் ஒரு வூட்டுக்குள்ள மாட்டிக்கினு கீறாங்க" என்றேன். "வெளிய வந்தா உயிருக்கு ஆபத்து. உள்ள சாப்பாடும் இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் நோட்டில் ஏறிவிட்டது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த இரண்டு பேருக்காக ஜெபிக்கும் பொறுப்பை ஓர் அக்கா எடுத்துக்கொண்டார். கணவர் இல்லாதவர், பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவர். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் நாற்பது நிமிஷம் கண்ணைத் திறக்க மாட்டார். கிறிஸ்மஸ் அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அவரை ஜெபிக்கச் சொல்லக் கூடாது என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம், பிரியாணி ஆறிவிடும். அன்றைக்கு என் ஜாம்பி குடும்பத்துக்காக அவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, அது செல்போனில் வருகிற கதை என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த புதன் நோட்டைத் திறந்தார்கள்.

"அந்த அம்மாவும் பொண்ணும் என்னா ஆனாங்க?" என்றார் அக்கா.

"மாடிக்கு ஏறிட்டாங்க" என்றேன். அந்தக் கதையை வாரத்துக்கு ஒரு எபிசோடுதான் விடுவார்கள், அதுவரைக்கும்தான் வந்திருந்தது.

"போலீஸ்ல சொல்லலாம் இல்ல?"

"போலீஸும் அந்தப் பக்கமே சேந்துட்டாங்கக்கா."

"சேருவாங்க" என்றார் அக்கா. "சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

"சொந்தக்காரங்கதான் மொதல்ல கடிக்க வர்றாங்க."

அறை முழுக்கத் தலையாட்டியது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களைப் பற்றி எல்லோருக்கும் அபிப்பிராயம் ஒன்றுதான்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. மூன்றாம் வாரம் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா மட்டும் நின்றார். கையில் ஒரு பை. அதில் அரிசி, பருப்பு, இரண்டு புடவை. "அந்தப் பொண்ணுகிட்ட எப்படியாவது சேத்துடு" என்றார். "எம்பொண்ணும் அப்படித்தான் கீறா."

அவர் மகளை மூன்று வருஷத்துக்கு முன் குடுபல்லி பக்கம் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாடு நானும் சாப்பிட்டேன். புருஷன் அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டது அக்கா சொல்லும்வரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக்கூட அனுப்புவதில்லை, வாசலில் நின்றால் அடி, பக்கத்து வீட்டுப் போனில் வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் பேசுவாள், அவ்வளவுதான். இதை அக்கா ஒருநாளும் ஜெபக் குறிப்பில் சொன்னதில்லை. மானம் போய்விடுமாம். என் கதையில் ஒளிந்துகொண்டு மூன்று வாரம் தன் பிள்ளைக்காக அழுதிருக்கிறார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை எடுத்துக் காட்டி, எல்லாம் சொல்லிவிட்டேன். நாடகம், நடிகைகள், முகத்தில் பூசிய சாயம், எல்லாம். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அக்கா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கதையாவே இருக்கட்டும்" என்றார். "எப்படி வெளிய வந்தாங்க? அத்த சொல்லு."

சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் அபிப்பிராயத்தை ஒருத்தர் உட்கார்ந்து கேட்டார். பகலில் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. சத்தம் போடக் கூடாது. காலில் பிடித்து நிற்கிற செருப்பு போட வேண்டும். எதற்காகவும் திரும்பி ஓடக் கூடாது. இந்தக் கதைகளில் யாருமே எடுக்காத ஒன்றை நானாகச் சேர்த்தேன், ஆதார் கார்டு.

"உள்ள எப்படிப் போறது?" என்றார் அக்கா. "வாசல்ல அவ மாமியார் உக்காந்துக்கினு கீது."

அதற்குத்தான் கிரைம் கதை பார்த்திருக்கிறேன். கொள்ளையடிக்கிறவர்கள் ஒருத்தரை முன்னால் அனுப்பி எல்லோர் கவனத்தையும் வேறு பக்கம் திருப்புவார்கள். எங்களிடம் அதற்கு அக்காவே இருந்தார். ஜெபம் பண்ண வந்தோம் என்று சொன்னால் எங்கள் ஜனங்களில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். மாமியாரும் சபைக்காரி. ஜெபம் என்றால் கண்ணை மூடியாக வேண்டும். அக்கா ஆரம்பித்தால் நாற்பது நிமிஷம். அதற்குள் பெங்களூருக்கே போய்விடலாம்.

"தப்பில்லியா?" என்றார் அக்கா.

"நீங்க நெஜமாவே ஜெபம் பண்ணுங்க. நான் மட்டும் திருடறேன்" என்றேன்.

பக்கத்து வீட்டுப் போன் வழியாக மகளுக்குச் செய்தி போனது. லீவு போட்டேன். காலை முதல் பஸ்ஸில் ஏறி, குப்பத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் குடுபல்லிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனோம். புருஷன் கடைக்குப் போயிருந்தான். மாமியார் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ரண்டி, ரண்டி, கூச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்தார். எனக்கு உடனே சந்தேகம். இவ்வளவு மரியாதை காட்டுகிறவர்தான் என் கணக்குப்படி முதல் குற்றவாளி. மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். மணிக்கட்டு குச்சியாக இருந்தது. தினமும் நூறு கை பார்க்கிறவள் நான், அந்தக் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காது. அவள் எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பின்வாசல் இருந்தது.

அக்கா ஆரம்பித்தார். முதலில் தேசத் தலைவர்கள், பிறகு மழை, பிறகு மிஷனரிகள். வழக்கமான வழிதான். மாமியார் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று நான் மெல்லக் கண்ணைத் திறந்தேன்.

மாமியார் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை திட்டம் போட்டவளுக்கு, கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிற மனுஷியும் உண்டு என்பது தோன்றவில்லை. சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது அக்காவின் குரல் மாறியது. "ஆண்டவரே, எம்பொண்ணு நாலு தடவ வந்தா. நாலு தடவையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். ஊரு என்னா சொல்லும்னு பாத்தேன், புள்ள என்னா ஆவான்னு பாக்கல. குழம்புத்தூள் அரைச்சிக் குடுத்து, பஸ் ஏத்திட்டு வந்தேன். எனக்கு மன்னிப்பு குடும்."

இது எங்கள் திட்டத்தில் இல்லை. நாலு தடவை என்பதும் எனக்குத் தெரியாது. மாமியார் அக்காவைப் பார்த்தார், சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இறுக்கி மூடிக்கொண்டு, முன்னைவிட உரக்க "ஸ்தோத்திரம்" என்றார்.

நான் எழுந்து போனேன். மகள் ஒரு துணிப்பையோடு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பே இல்லை. அத்தனை சொல்லியும் யாரும் கேட்பதில்லை. வாசலில் விடாமல் என் பைக்குள் போட்டு வைத்திருந்த என் செருப்பைக் கொடுத்துவிட்டு நான் வெறுங்காலோடு வயல் வரப்பில் நடந்தேன். முள் குத்தியது, சத்தம் போடக் கூடாது என்று நானே சொன்னதால் வாயைப் பொத்திக்கொண்டேன். ரோட்டில் ஆட்டோ காத்திருந்தது. அக்காவை மட்டும் காணோம். ஆட்டோக்காரர் இரண்டு பீடி பிடித்து முடித்தார். உள்ளே ஒருத்தர் கண்ணை மூடி ஜெபிக்க, இன்னொருத்தர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல, யார் முதலில் கண்ணைத் திறப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை போல. கடைசியில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகியபடி ஓடி வந்தார். கையில் மகளின் போன் இருந்தது.

"ஆமென் சொன்னதும் பீரோவத் தொறந்து இத்தக் குடுத்துச்சி" என்றார். "அவன் மூணு மணிக்கு வருவான், சீக்கிரம் போங்கன்னுச்சி."

என் மாதிரி கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறவளை நம்பி யாரும் கேஸ் கொடுத்துவிடாதீர்கள்.

குப்பத்தில் சித்தூர் பஸ் கிடைத்தது. மகள் ஜன்னல் பக்கம், நடுவில் அக்கா, ஓரத்தில் நான். வி.கோட்டா தாண்டியதும் அக்கா மகள் மடியிலிருந்த பையை வாங்கி உள்ளே பார்த்தார். ஆதார் கார்டு இருந்தது. அதோடு ஒரே ஒரு புடவை.

"ஏம்மா, வேற துணியே எடுத்துக்கினு வர்லியா?" என்றார்.

"ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிடுவ இல்ல" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. "அதுக்கு எதுக்கு எல்லாத்தியும் தூக்கினு வரணும்?"

அக்கா பையை மூடி அவள் மடியில் வைத்தார்.

பலமநேரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அக்கா இறங்கிப் போனார். டிரைவர் வண்டியை எடுத்து ஹாரன் அடிக்கும்வரை வரவில்லை. நான் கத்தி நிறுத்தி வைத்தேன். மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு பெரிய கவரை மகள் மடியில் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் வாங்கிய நைட்டி, ஐந்து. அளவுகூடப் பார்க்காமல் வாரிக்கொண்டு வந்திருக்கிறார்.

மகள் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். "ரொம்பப் பெருசும்மா, இதுல ரெண்டு பேர் பூந்துக்கலாம்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பெருசாவே இருக்கட்டும்" என்றார் அக்கா. "நம்ம வூட்டுல துன்னு உடம்பு தேறுனா சரியாப் பூடும்."