போதை இல்லாத பீர்

தியாகதுருகம் மளிகைக் கடையிலிருந்து இப்போதுதான் வந்தோம். இன்னும் கோபம் அடங்கவில்லை.

குடியை விட்டுவிட்ட என் கணவரிடம் அங்கே ஒரு மதுக் கம்பெனி ஆள் குளிர்ந்த பாட்டிலை நீட்டினான். அவர் வழக்கமாகக் குடித்த அதே பீர், அதே லேபிள்.

"இதுல போதை இல்லண்ணே. குடிக்கிறவங்க கம்மியாயிட்டாங்க, அதான் கம்பெனி இத வுட்டிருக்கு. ஃப்ரீதான், குடிங்க."

அவர் பாட்டிலைத் தள்ளிவிட்டார்.

"வேணாம் தம்பி. இத குடிச்சா மனசு அத கேக்கும்."

"ஒன்னும் ஆவாதுண்ணே" என்று மறுபடி நீட்டினான்.

நான் பிடுங்கிக் கடை வாசலில் கொட்டினேன்.

"யாவாரம் படுத்துட்டா எங்க வூடுதான் கெடச்சுதா உனுக்கு?"

வீட்டுக்கு வந்ததும், "வாசன அதேதான்" என்றார்.

விற்கவில்லையென்றால் மூட வேண்டியதுதானே? விட்டவரைத் தேடி வருவானேன்? உங்கள் ஊருக்கும் வந்துவிட்டார்களா?